அச்சிட்டோர் பெயர்

சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். அச்சகத்தின் பெயர், ஊர், சிலதில் போன் நம்பர். யாரும் அதை வாசிப்பதில்லை. தலைவர் படத்தைச் சின்னதாகவும் தன் படத்தைப் பெரிதாகவும் போடச் சொல்லிக் காசு கொடுக்கும் வட்டச் செயலாளர்கூட வாசிப்பதில்லை. ஆனால் தேர்தல் நேரத்தில் அந்த வரி இல்லாமல் ஒரு துண்டு நோட்டீஸ் அடித்தாலும் குற்றம். 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127-ஏ. அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவருடைய பெயரும் முகவரியும் தாளின் முகப்பிலேயே இருக்க வேண்டும். வெளியிடுகிறவர், தான் இன்னார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவரைத் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்டுத் தர வேண்டும். அதோடு ஒரு பிரதியைச் சேர்த்து அச்சகத்தார் மாவட்ட ஆட்சியருக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தேர்தல் இல்லாத நாளுக்கு வேறொரு சட்டம் இருந்தது. 1867-இல் வெள்ளைக்காரன் போட்டது. அச்சடித்த எந்தத் தாளானாலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் வேண்டும் என்றது. நல்லெண்ணத்தில் கொண்டுவந்ததில்லை, எவன் தன்னைத் திட்டி எழுதுகிறான் என்று கண்டுபிடிக்கக் கொண்டுவந்தது. இருந்தாலும், எழுதினால் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்கிற எண்ணம் அதில் இருந்தது.

நான் தல்லாகுளத்தில் பெருமாள் கோயிலை ஒட்டிய ஒரு சந்தில், சின்ன அச்சகம் ஒன்றில் வாசகம் எழுதிப் பிழைத்தவன். சட்டப் படிப்பெல்லாம் கிடையாது. சட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது அந்த ஒரு வரி வழியாகத் தெரிந்ததுதான்.

மதுரைக்காரன் பிறந்ததிலிருந்து பாடையேறும்வரை சுவரில் இருப்பான். காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி. இடையில் கட்சியில் ஏதாவது பொறுப்பு கிடைத்தால் நன்றி அறிவிப்பு. எதிர்சேவைக்கு அழகர் தல்லாகுளம் வந்து இறங்குகிற சித்திரையில், அவரை வரவேற்கும் போஸ்டரில் அழகருக்கு ஒரு மூலை கிடைக்கும். மீதி இடம் வரவேற்கிறவர்களுக்கு. தமுக்கம் மதில், மாநகராட்சியின் அண்ணா மாளிகைக்கு எதிரே உள்ள சுவர்கள், கோரிப்பாளையம் வரை உள்ள கடைக் கதவுகள் எல்லாம் எங்கள் பக்கங்கள். சுவரை அலங்கோலப்படுத்தக் கூடாது என்று 1959-லிருந்தே ஒரு சட்டம் இருக்கிறது. மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் கலந்து பசை எடுத்துக்கொண்டு ராத்திரி கிளம்புகிற பையன்களில் ஒருவனுக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. அதை ஒட்டச் சொன்ன சட்டமன்ற உறுப்பினருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஒரே ராத்திரியில் இரண்டு கட்சிக்கும் எழுதியிருக்கிறேன். ஏழு மணிக்கு ஒருவர் வந்து எதிராளியைத் துரோகி என்று எழுதச் சொல்லிவிட்டுப் போவார். ஒன்பது மணிக்கு அந்த எதிராளியின் ஆள் வந்து, இவரை எட்டப்பன் என்று எழுதச் சொல்வார். ஒருவர் வாசகம் இன்னொருவர் காதுக்குப் போகாது. அது தொழில் தர்மம். எனக்கென்று ஒரு கட்சியும் உண்டு. அப்பா வழியில் வந்தது. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்திலேயே நான் சொல்லப்போவது முழுவதையும் நம்பிவிடுவார்கள். மீதிப் பேர் பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள்.

கீழ்வரி இல்லாத போஸ்டருக்கு எங்கள் வட்டாரத்தில் மொட்டைப் போஸ்டர் என்று பெயர். ‘இப்படிக்கு, பொதுமக்கள்’ என்று முடியும். ‘உண்மைத் தொண்டர்கள்’, ‘நடுநிலையாளர்கள்’ என்றும் முடியலாம். பழைய முதலாளி இருந்தவரை அந்த வேலையை எடுத்ததில்லை. “கீழ பேரில்லாத தாளு அநாதப் பொணம்டா. தூக்குறதுக்கு ஆளு வராது, நாத்தம் மட்டும் நமக்கு” என்பார். அவர் காலமாகி, மகன் வந்து, ஃபிளெக்ஸ் மெஷின் கடனில் வந்து, தவணை கட்ட வேண்டிய நிலை வந்தபோது மொட்டைப் போஸ்டரும் வந்தது. கூலி இரண்டு மடங்கு. எனக்கும் இரண்டு மடங்கு. நான் மறுக்கவில்லை. அப்போது பெரிய மனப்போராட்டம் நடந்ததாக இப்போது எழுதினால் அதுவும் ஒரு மொட்டைப் போஸ்டர்தான்.

பொய்யை எழுதுவதற்கு ஒரு கைப்பழக்கம் உண்டு. முதலில், எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிஜத்தைச் சொல்ல வேண்டும்: இன்ன கோயில், இன்ன தேதி. பிறகு ஒரு தொகை. முழுத்தொகை கூடாது. முப்பது லட்சம் என்றால் எவனோ அடித்துவிடுகிறான் என்று தோன்றும். முப்பத்தேழு லட்சம் என்றால் எவனோ கணக்கைப் பார்த்திருக்கிறான் என்று தோன்றும். மூன்றாவது, குற்றம் சாட்டக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும். ‘எங்கே போனது?’ என்று முடித்துவிட்டால் பதில் சொல்லும் பாரம் அவன் தலையில். இதற்கெல்லாம் மேல், கேட்கிறவனுக்கு ‘இவன் செய்யக்கூடிய ஆள்தான்’ என்று தோன்ற வேண்டும். அதை நாங்கள் உண்டாக்க வேண்டியதில்லை. எதிர்க்கட்சிக்காரன் என்பதே போதும். பாதிப் பேருக்கு அது ஏற்கெனவே தோன்றியிருக்கும்.

2011 சட்டமன்றத் தேர்தல். உ. சகாயம் மதுரை ஆட்சியராக இருந்த நேரம். தேர்தல் ஆணையத்தின் கெடுபிடியில் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 2009 ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலில், ஓட்டுக்குக் காசு கொடுக்கிற ‘ஃபார்முலா’ என்று நாடு முழுக்கப் பேர் வாங்கியிருந்தோம். அந்தக் கவனமும் சேர்ந்து எங்கள் மாவட்டத்தின் மேல் இருந்தது. போஸ்டர் ஒட்ட முடியாது என்றானதும் மொட்டை வேலை பிட் நோட்டீஸுக்கு இறங்கியது. விடியற்காலையில் பேப்பருக்குள் மடித்து வீட்டுக்குள் போய்விடும்.

அந்தத் தேர்தலில் நான் எழுதிய ஒன்று, வேட்பாளரைப் பற்றியதல்ல. ஒரு கட்சியின் உள்ளூர்க்காரரைப் பற்றியது. பெரிய பதவியெல்லாம் இல்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறவர், அதனால் அவர் சொன்னால் அந்தத் தெரு கேட்கும். தெருக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல் செய்து நடத்தியிருந்தார். அந்த வசூல் எங்கே போனது என்று கேட்டேன். முப்பத்தேழு லட்சம் என்னுடையது. அந்தக் கோயிலுக்கு அதில் கால்வாசி வசூலாகியிருந்தாலே பெரிது.

தேர்தல் முடிந்ததும் அவர் எங்கள் அச்சகத்துக்கே வந்தார். கையில் ரசீதுக் கட்டு, ஸ்தபதி கொடுத்த சீட்டு, பந்தல்காரன் கணக்கு. மறுப்பு நோட்டீஸ் அடிக்க வேண்டும் என்றார். நான்தான் எழுதினேன். வரவு, செலவு, மீதி, வங்கியில் இருப்பு. கீழே அவர் பெயர், அவர் முகவரி, எங்கள் அச்சகப் பெயர். எல்லாம் முறையாக. அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

“எங்கண்ணே குடுக்குறது? மொதக் கேள்வியே நீ எந்தக் கட்சின்னுதான் இருக்கும். எதிர்க்கட்சின்னா எடுக்க மாட்டாய்ங்க. ஆளுங்கட்சின்னா உடனே எடுத்து, சம்பந்தமில்லாத எவனையாச்சும் உள்ள வப்பாய்ங்க. எனக்கு ரெண்டும் வேணாம்.”

புரூஃப் பார்த்து முடித்து, காசை எண்ணி வைத்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: “ரெண்டுமே நல்லா எழுதியிருக்கீங்கண்ணே.”

அந்த மறுப்பு நோட்டீஸை யாராவது படித்தார்களா என்பது வேறு கதை. ரசீது நம்பர் போட்ட தாளைப் படிக்க மக்களுக்குப் பொறுமை இருக்காது என்பதும் என் தொழிலில் எனக்குத் தெரிந்திருந்ததுதான்.

இதற்கு நான்கு வருஷம் முன்னால் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். நான் கற்றதென்று ஏதாவது இருந்தால், அதற்கு முன்பே கற்றிருக்க வேண்டிய இடம் அது. 2007 மே 9. முதல்வர் கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஏசி நீல்சன் நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த கருத்துக்கணிப்பைத் தினகரன் வெளியிட்டது. அவர் மகன்களில் ஸ்டாலினுக்கு 70 விழுக்காடு, மதுரையில் இருந்த அழகிரிக்கு 2. காலையிலேயே ஊர் கொதித்தது. பேருந்துகள் தாக்கப்பட்டன. நாங்கள் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். தினகரன் மதுரை அலுவலகத்துக்குள் பெட்ரோல் குண்டு விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இரண்டு பேர் கணினிப் பிரிவில் வேலை பார்த்த இளைஞர்கள், ஒருவர் காவலாளி. கணிப்பை எடுத்ததும் அவர்களில்லை, எழுதியதும் அவர்களில்லை. தாக்கியவர்கள் அழகிரியின் ஆதரவாளர்கள் என்பது வழக்கு. அவர் குற்றம் சாட்டப்பட்டவர்களில் இல்லை.

செய்தித்தாள் என்பது கீழ்வரி உள்ள தாள். யார் ஆசிரியர், யார் அச்சிட்டு வெளியிடுகிறவர், எந்த முகவரி என்று தினமும் போட்டுக்கொண்டு வருகிறது. கணிப்பு தப்பென்றால் மறுக்கலாம், வழக்குப் போடலாம், வாங்காமல் விடலாம். எல்லாவற்றுக்கும் ஆளும் இடமும் அந்தத் தாளிலேயே இருந்தது. அந்த முகவரிக்குத்தான் நெருப்பு போனது. அன்று சாயங்காலம் எங்கள் அச்சகத்தில் என்ன பேசினோம் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. செத்தவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று பேசவில்லை. இதனால் யாருக்கு லாபம், அடுத்த தேர்தலில் எந்தக் கட்சிக்கு அடி என்று பேசினோம். அதிகமாகப் பேசியது நான்.

வழக்கு சிபிஐக்குப் போனது. 2008 டிசம்பரில், தினகரனை நடத்திய மாறன் குடும்பமும் கருணாநிதி குடும்பமும் சமாதானமாகிவிட்டன. 2009 டிசம்பரில் மதுரை அமர்வு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 17 பேரையும் விடுதலை செய்தது. சாட்சிகள் பலர் பிறழ்ந்துபோயிருந்தார்கள். இதில் எனக்குப் பிறகுதான் தெரிந்த ஒரு சங்கதி உண்டு. காவல்துறை விசாரணையில் ஒருவர் கொடுக்கும் வாக்குமூலத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது குற்ற நடைமுறைச் சட்டம். போலீஸ் தானாக எதையாவது எழுதி மிரட்டிக் கையெழுத்து வாங்கிவிடும் என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது, நல்ல பாதுகாப்புதான். ஆனால் கூண்டில் ஏறி ‘நான் அப்படிச் சொல்லவே இல்லை’ என்று சொல்ல நினைக்கிறவருக்கும் அதே வழி திறந்திருக்கிறது. கையெழுத்தில்லாத சொல்லைக் காப்பாற்ற, சொன்னவரின் தைரியம் மட்டும்தான் உண்டு. மதுரையில் அந்த நாளில் யாருக்கு அந்தத் தைரியம் இருந்திருக்கும்? பிறழ்ந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இறந்தவர்களில் ஒருவருடைய தாய் விடவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போனார். சிபிஐயும் மேல்முறையீடு செய்தது. 2019 மார்ச் 21 அன்று மதுரைக் கிளையில் நீதிபதிகள் பி.என். பிரகாஷ், பி. புகழேந்தி அமர்வு அந்த விடுதலையை ரத்து செய்து 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பன்னிரண்டு ஆண்டுகள். தீர்ப்பு வந்த அன்று டீக்கடையில் முதலில் கேட்ட பேச்சு, தேர்தல் நேரம் பார்த்துத் தீர்ப்பு வந்திருக்கிறதே, யார் வேலை என்பது. ஒரு தாய் பத்து வருஷமாகக் கோர்ட் படி ஏறியதை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. எந்தக் கட்சி ஆட்சியில் எந்தத் தீர்ப்பு வந்தாலும் இதே பேச்சுதான் வரும். நீதிபதி எழுதியதைப் படிப்பதற்கு முன் நீதிபதி எந்த ஆள் என்று தேடுகிறோம்.

இப்போது அச்சுத்தொழிலே ஓய்ந்துவிட்டது. மொட்டைப் போஸ்டர் கைப்பேசிக்குள் போய்விட்டது. அங்கே கீழ்வரி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, ஆரம்பத்திலிருந்தே கிடையாது. 2018-இல், அதுவும் ஒரு மே 9 அன்று, சென்னையிலிருந்து குலதெய்வம் கும்பிடப் போன ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் வழி கேட்க வண்டியை நிறுத்தியது. அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வாரக்கணக்கில் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்ததை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. 65 வயதுப் பெண்மணி ஒருவர் இறந்தே போனார். நாடு முழுக்க இப்படிச் சாவுகள் விழுந்த பிறகு, அந்த ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வந்த செய்தியை ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ ஐந்து குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. ‘ஃபார்வர்டட்’ என்று ஒரு முத்திரையும் கொண்டுவந்தது. முத்திரையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் கீழ்வரி என்பது இதற்கு நான் பொறுப்பு என்பதற்காக. இது, நான் பொறுப்பில்லை என்பதற்காக.

2023 மார்ச்சில் அது எங்கள் தெருவுக்கே வந்தது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வடக்கே காணொளிகள் பரவின. எங்கெங்கோ, வேறு வேறு காரணத்துக்காக நடந்த சண்டைகளை எடுத்து ஒட்டியிருந்தார்கள். ஒன்று பாட்னாவில் வாடகை வீட்டில் நடித்து எடுத்தது என்று பீகார் காவல்துறையே சொன்னது. பீகார் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி கிளப்பியது. அந்த அரசு அதிகாரிகள் குழுவை இங்கே அனுப்பிப் பார்த்தது. நான் சாப்பிடுகிற ஓட்டலில் புரோட்டா போடுகிற பையன் பீகார்க்காரன். ஊரில் அம்மா அழுகிறாள் என்றான். “அண்ணே, இங்க ஒண்ணும் இல்லன்னு நான் சொல்றேன். வீடியோல இருக்கே, நீ பொய் சொல்றேங்குறா.” பெற்ற பிள்ளை நேரில் பேசுவதைவிட, யாரென்றே தெரியாதவன் அனுப்பியது அவளுக்கு உறுதியாகப்பட்டது. அவளைச் சொல்லி என்ன? அவள் பயத்துக்கு ஏற்ற மாதிரி எவனோ எழுதியிருக்கிறான். எனக்கு அந்தத் தொழில் தெரியும்.

அந்த வழக்கில் கைதான யூடியூபர் மணீஷ் காஷ்யப்பை மதுரைக்குத்தான் கொண்டுவந்தார்கள்; மதுரை மத்தியச் சிறையில் இருந்தார். தமிழக அரசு அவர் மேல் தேசிய பாதுகாப்புச் சட்டத்தைப் போட்டது. எங்கள் பக்கத்தில் கைதட்டினார்கள். நானும் முதலில் சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கவில்லை. அந்த நவம்பரில் மதுரைக் கிளை அந்தத் தடுப்புக்காவலை ரத்து செய்தது. செய்தது சரி என்றே இப்போது நினைக்கிறேன். பொய்யைப் பரப்பியதற்கு வழக்கு நடத்திக் குற்றத்தை நிரூபிக்கச் சாதாரணச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டத்தை எடுத்தால், ‘உள்ள வப்பாய்ங்க’ என்று அன்று அச்சக வாசலில் ஒருவர் சொன்னதுதான் பெரிய அளவில் நடக்கிறது. ஆட்சி மாறும்போது அதே சட்டம் வேறொருவன் வீட்டுக் கதவைத் தட்டும். பொய்ச் செய்தியைச் சரிபார்க்க அரசே தகவல் சரிபார்ப்பகம் வைத்திருக்கிறது. அதிலும் எனக்குப் பாதி நம்பிக்கைதான். தன்னைப் பற்றிய கேள்விக்குத் தானே புரூஃப் பார்ப்பது எந்த அச்சகத்திலும் நல்ல பழக்கமில்லை.

போன வருஷம் ஒரு பையன் வந்தான். ஒரு கட்சியின் ஐடி அணியில் இருக்கிறானாம். நல்ல பையன், அமெரிக்கன் கல்லூரியில் படித்தவன். பழைய போஸ்டர்களில் என் வாசகத்தைப் பார்த்திருப்பதாகச் சொன்னான். எதிர்க்கட்சிப் பிரமுகர் ஒருவர் ரோடு காண்ட்ராக்டில் அடித்துவிட்டார் என்று கார்டு போட வேண்டும், நான்கு வரி வேண்டும் என்றான். ஆதாரம் கேட்டேன். “இருக்கும்ணே” என்றான். யார் பெயரில் வரும் என்று கேட்டேன். “பேரா? அட்மின்தாண்ணே, அதெல்லாம் போட மாட்டோம்.” பேர் போடுவதாக இருந்தால் எழுதித் தருகிறேன் என்றேன். என்னைப் பாவமாகப் பார்த்தான். எழுந்து போகும்போது, “தொகை மட்டுமாச்சும் சொல்லுங்கண்ணே. பத்துக் கோடின்னு போடலாமா?” என்று கேட்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பழக்கம் விடவில்லை. “பத்துன்னா எவனும் நம்ப மாட்டான் தம்பி” என்றேன்.

அன்று ராத்திரியே எங்கள் குடும்பக் குழுவுக்கு அந்தக் கார்டு வந்துவிட்டது. அனுப்பியவன் என் தங்கை மகன். பதினொன்றரைக் கோடி என்று இருந்தது. உடனே அவனுக்குப் போன் போட்டேன்.

“மாப்ள, அது பொய்டா. அந்தக் கார்டு எப்படித் தயாராச்சுன்னு எனக்குத் தெரியும். தொகையே அவனுகளா போட்டது.”

“அப்படியா மாமா?”

“ஆமாடா. என் முன்னாடிதான் பேசுனான். அத அழிச்சுரு.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. டிவி சத்தம் மட்டும் கேட்டது.

“சரி மாமா, இது பொய்யாவே இருக்கட்டும்” என்றான். “ஆனா அந்தாளு செய்யக்கூடிய ஆளுதானே?”